எதிர்பார்த்த மெயில்தான் ஏமாற்றும்

முகம் தெரியாத வெளிநாட்டு இளவரசர் தன் சொத்தில் பாதியை எழுதித் தருகிறேன் என்று அனுப்பும் மெயிலுக்கு இப்போது யாரும் மயங்குவதில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் ஆட்கள் சிக்குவது தாங்களே எதிர்பார்த்துக்கொண்டிருந்த மெயிலில். சவுதி வேலைக்கு பயோடேட்டா அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்கு ஆஃபர் லெட்டர் வருகிறது. வரிக் கணக்கு தாக்கல் செய்த கடைக்காரருக்கு ரீஃபண்ட் வருகிறது. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவருக்கு ஆடி அமாவாசை நெருங்கும்போது பத்து ரூம் கேட்டு புக்கிங் வருகிறது. மெயில் பொய்யாக இருந்தாலும் காத்திருப்பு நிஜம். அந்தக் காத்திருப்புதான் மிச்ச வேலையைச் செய்துகொடுக்கிறது.

அனுப்புகிறவனுக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே மெயிலை லட்சம் பேருக்குத் தள்ளினால், அந்த வாரம் அதற்காகவே காத்திருக்கும் சிலர் அதில் கட்டாயம் இருப்பார்கள். ‘நான் அப்ளை பண்ணினது இவங்களுக்கு எப்படித் தெரியும், அப்ப நிஜமாத்தான் இருக்கும்’ என்று தோன்றினால் அதைச் சந்தேகத்தின் முதல் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தினசரிப் பேச்சு, வியாபாரம், கல்யாணப் பத்திரிகை எல்லாமே வாட்ஸ்அப்பில் நடக்கிறது. மெயிலைத் திறப்பது பாஸ்போர்ட், விசா, கல்லூரி, வரி என்று ஏதாவது பெரிய காரியம் இருக்கும்போது மட்டும்தான். அதனால் வங்கி வழக்கமாக எப்படி எழுதும், அரசு அலுவலகம் எந்த முகவரியிலிருந்து எழுதும் என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகவே இல்லை. பழகாத கண்ணுக்கு நிஜமும் போலியும் ஒரே மாதிரி. ஒரு காலத்தில் எழுத்துப்பிழையை வைத்தே போலியைப் பிடித்துவிடலாம் என்பார்கள். மொழிபெயர்க்கும் செயலிகளும் செயற்கை நுண்ணறிவும் வந்த பிறகு அந்த அறிவுரைக்கு மதிப்பில்லை. மோசடிக்காரனின் தமிழ் இப்போது சில அரசு அறிவிப்புகளைவிட நன்றாகவே இருக்கிறது.

வெளிநாட்டு வேலை மெயில்

சபர் (வெளிநாட்டுப் பயணம்) போகிறவர்கள் நிறைந்த ஊர்களில் முதலில் பேச வேண்டியது இதைத்தான். இது பெரும்பாலும் மூன்று கட்டமாக வரும். முதல் மெயில் பணமே கேட்காது. பயோடேட்டா, பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், ஒரு போட்டோ, இவ்வளவுதான். இரண்டாவது மெயிலில் கம்பெனி லோகோ, முத்திரை, கையெழுத்தோடு ஆஃபர் லெட்டர் வரும். இன்டர்வியூ நடந்திருக்காது, நடந்தாலும் பத்து நிமிட சாட்டாக இருக்கும். சம்பளம் ஊரில் அதே வேலைக்குப் போனவர் வாங்குவதைவிட இரண்டு மூன்று மடங்கு. மூன்றாவது மெயிலில்தான் விசா புராசஸிங், அட்டஸ்டேஷன், காம்கா (வளைகுடா விசாவுக்கான) மெடிக்கல் சீட்டு என்று ஒவ்வொரு பெயரில் கட்டணம் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கெடுவும் இருக்கும்.

பணத்துக்கு முன்னால் ஆவணத்தைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பாஸ்போர்ட் நகலைக் கொடுத்தவர் மனதளவில் பாதி விமானம் ஏறிவிடுகிறார். பிறகு வரும் கட்டணத்தைக் கேள்வி கேட்க மனம் வராது. அவர் கடைசியில் பணம் கட்டாமல் விலகினாலும் நகல் அவர்களிடமே இருக்கும். அதை வைத்து அவர் பெயரிலேயே போலி விசா அச்சடித்து ‘இதோ ரெடி’ என்று திரும்பவும் பணம் கேட்கலாம். அடுத்த ஆளிடம் ‘உங்க பக்கத்து ஊர்க்காரர் போறார் பாருங்க’ என்று காட்டலாம்.

சரிபார்ப்பது கடினமில்லை. மெயிலுக்குப் பதில் எழுதப் போவதுபோல ரிப்ளை பட்டனை அழுத்துங்கள், அனுப்ப வேண்டாம். ‘டூ’ என்ற இடத்தில் எந்த முகவரி வந்து உட்காருகிறது என்று பாருங்கள். அனுப்பியவர் முகவரி கம்பெனி பெயரில் இருந்து, பதில் போகும் முகவரி ஒரு சாதாரண ஜிமெயிலாகவோ வேறொரு இணையதளமாகவோ மாறினால் அங்கேயே நிறுத்திவிடலாம். சவுதி அராம்கோ போன்ற பெரிய நிறுவனங்கள், தங்கள் பெயரில் போலி வேலைக் கடிதங்கள் உலவுவதாகவும் வேலைக்காகத் தாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்றும் தங்கள் தளத்திலேயே எச்சரித்திருக்கின்றன.

மெயிலில் ஏஜென்சி பெயர் இருந்தால், மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியலைத் திறந்து தேடுங்கள். இங்கே பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மெயிலில் உள்ள லைசென்ஸ் எண் பட்டியலில் இருக்கிறது, சரி என்று நம்பிவிடுகிறார்கள். லைசென்ஸ் எண்ணைத் திருடி ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். பட்டியலில் அந்த ஏஜென்சி இப்போதும் செயல்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பட்டியலில் உள்ள போன் நம்பருக்கு நீங்களே போட்டு ‘இந்த ஆஃபர் லெட்டர் உங்களுடையதுதானா’ என்று கேட்க வேண்டும். மெயிலில் உள்ள நம்பருக்குப் போட்டால் எடுப்பவன் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வான். ஊரில் இருக்கும் சப் ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் நல்லவராகவே இருந்தாலும் அவர் கொடுக்கும் ரசீதுக்கு மதிப்பில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். அதற்கு மேல் கேட்டாலோ, தனிநபர் பெயரில் உள்ள யுபிஐக்கு அனுப்பச் சொன்னாலோ பேச்சை முடித்துக்கொள்ளலாம். அமீரகத்தின் 2021-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடமிருந்து வாங்கக்கூடாது என்றே சொல்கிறது. சந்தேகம் இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவைக் கட்டணமில்லாத 1800 11 3090 எண்ணில் கேட்கலாம்.

தாய்லாந்து, கம்போடியா, லாவோஸில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று படித்த பையன்களுக்கு வரும் மெயிலை வேறு கணக்கில் வையுங்கள். டூரிஸ்ட் விசாவில் வரச் சொல்லி, மியான்மர் எல்லைக்குக் கடத்தி, அங்கே மற்றவர்களை ஏமாற்றும் வேலையில் அடைத்துவைத்தார்கள். 2022 முதல் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலரை அப்படி மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு வா என்று சொல்லும் எந்த மெயிலுக்கும் பதில் தேவையில்லை.

முகவரியை வலமிருந்து படிப்பது

அனுப்பியவர் பெயர் என்று போனில் பெரிய எழுத்தில் தெரிவது முகவரி இல்லை. அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் ‘ஸ்டேட் பேங்க்’ என்று எழுதிக்கொள்ளலாம். ஜிமெயில் ஆப்பில் அந்தப் பெயருக்குக் கீழே ‘டூ மீ’ என்று சிறியதாக இருக்கும்; பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி விரியும். அதைத்தான் படிக்க வேண்டும்.

தபால் முகவரியில் ஊரும் பின்கோடும் கடைசியில் இருப்பதுபோல, இணைய முகவரியிலும் கடைசிப் பகுதிதான் சொந்தக்காரரைச் சொல்லும். மெயில் என்றால் ‘அட்’ குறிக்குப் பின்னால் உள்ளதின் கடைசி. லிங்க் என்றால், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோடுகளை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன் என்று முடிந்தால் அது வங்கி. எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன் ஹைஃபன் கேஒய்சி டாட் காம் என்று இருந்தால், தொடக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ‘டாட் காம்’ வாங்கிய யாரோ ஒருவனுடைய தளம். போன் திரையின் அகலத்துக்கு முதல் பாதி மட்டுமே தெரியும் என்பதை நம்பித்தான் இப்படி நீட்டுகிறார்கள். லிங்க் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் முழு முகவரியும் காட்டும்; தட்டிவிடக் கூடாது, அழுத்திப் பிடிக்க வேண்டும்.

வங்கிகளைப் பொறுத்தவரை இப்போது ஒரு வசதி கிடைத்திருக்கிறது. எல்லா வங்கிகளும் தங்கள் இணையதளத்தை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி அல்லாத யாருக்கும் அந்த முகவரி கிடைக்காது. அதேபோல அரசுத் தளங்கள் ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ என்று முடியும். இந்த மூன்று முடிவுகளையும் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் எழுதி ஒட்டிவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பூட்டுப் படத்தை நம்பாதீர்கள். உலாவியில் முகவரிக்கு முன்னால் வரும் பூட்டு, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. அந்தத் தளத்தை நடத்துபவன் திருடனா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023-ல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலின் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து, அனுப்பிய முகவரியைச் சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் ‘பாஸ்’ காட்டுகிறதே என்று சிலர் நிம்மதி அடைவார்கள். அந்த மெயில் அந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. மோசடிக்காரன் தன் சொந்தத் தளத்திலிருந்து ஒழுங்காக அனுப்பினால் அதுவும் பாஸ்தான். ‘ஃபெயில்’ என்று காட்டினால் கெட்டது. ‘பாஸ்’ என்பதால் நல்லது என்று ஆகாது.

இன்னொரு நுணுக்கம். ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டு சிற்றெழுத்தும் ஒட்டி வந்தால் ‘எம்’ போலவே தெரியும். ‘ஓ’வுக்குப் பதில் பூஜ்யம், ‘எல்’லுக்குப் பதில் ஒன்று. வயதான கண்ணுக்கு இது பிடிபடாது. அதனால் லிங்கை ஆராய்ந்து தீர்ப்பு சொல்வதைவிட, லிங்கைத் தொடாமலேயே இருப்பது நல்ல பழக்கம்: வங்கி ஆப்பை நீங்களே திறங்கள், வரித் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மெயில் சொன்னது நிஜமென்றால் அங்கேயும் அது இருக்கும்.

லாட்ஜ்காரர்களுக்கு வருவது

ராமேஸ்வரத்தில் அறை வாடகைக்கு விடுபவர்கள் ஆன்லைன் புக்கிங் தளங்களின் மெயிலை நாள் முழுக்கத் திறந்துகொண்டே இருக்கிறார்கள். அதைக் குறிவைத்து, புக்கிங் டாட் காம் அனுப்பியதுபோல போலி மெயில்கள் தெற்காசியா உட்படப் பல இடங்களில் ஓட்டல்களுக்கு வருவதாக மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் எச்சரித்தது. விருந்தாளி மோசமான விமர்சனம் எழுதியிருக்கிறார், கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று ஏதாவது காரணம். லிங்கைத் தட்டினால் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்று ஒரு பக்கம் வரும். அது படம் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லாது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கனவே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடத்தில்) வைத்துவிட்டது. நீங்கள் உங்கள் கையாலேயே அதை ஒட்டி ஓடவிடுகிறீர்கள். கம்ப்யூட்டரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் மென்பொருள் இறங்கிவிடும். நீங்களே இயக்கியதால் ஆன்டிவைரஸும் தடுக்காமல் விட்டுவிடக்கூடும். உண்மையான எந்தச் சரிபார்ப்பும் விண்டோஸ்–ஆர் அழுத்தச் சொல்வதில்லை. ரிசப்ஷனில் உட்காரும் பையன்களுக்கு வேறெதுவும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவையுங்கள்.

நஷ்டம் லாட்ஜோடு நிற்காது. திருடிய கணக்கிலிருந்து, நிஜமாகவே ரூம் போட்டிருக்கும் யாத்ரீகர்களுக்கு அதே தளத்தின் சாட்டிலேயே ‘கார்டை மறுபடி சரிபார்க்கவும், இல்லையென்றால் புக்கிங் ரத்து’ என்று செய்தி போகும். புக்கிங் எண், தேதி, பெயர் எல்லாம் சரியாக இருப்பதால் வருகிறவர் சந்தேகப்பட வழியே இல்லை. இத்துடன், லாட்ஜின் மெயில் பெட்டியிலேயே வந்தவர் போனவர் அத்தனை பேரின் ஆதார் நகலும் வருடக்கணக்காகக் கிடக்கிறது. பதிவேட்டில் ஏற்றியதும் நகலை மெயிலிலிருந்து அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்வது ஐந்து நிமிட வேலை.

இணைப்புகளில் பார்க்க வேண்டியவை சில. விண்டோஸ் கோப்புப் பெயரின் வாலை மறைத்துவைக்கும்; ‘இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ’ என்பது வெறும் பிடிஎஃப் போலத் தெரியும். கோப்பு உலாவியில் ‘வியூ’ பகுதிக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ போட்டுவைத்தால் முழுப்பெயர் தெரியும். ஹெச்டிஎம்எல் கோப்பாக வரும் இணைப்பு, திறந்தவுடன் லாகின் பக்கத்தைக் காட்டும்; அதில் போடும் பாஸ்வேர்ட் நேராகத் திருடனுக்கு. பாஸ்வேர்ட் போட்ட ஜிப் கோப்பும், அதன் பாஸ்வேர்ட் அதே மெயிலிலும் இருந்தால், ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காகவே அப்படி. பிடிஎஃப்பில் க்யூஆர் கோடு வைத்து ‘போனில் ஸ்கேன் செய்யவும்’ என்றால், கம்ப்யூட்டரின் பாதுகாப்பிலிருந்து உங்களைப் போனுக்கு இழுக்கிறார்கள். மெயிலில் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்) கோப்பு வந்தால் என்ன பெயரில் வந்தாலும் நிறுவாதீர்கள்.

வரி, பான், ஆதார், கேஒய்சி

ரீஃபண்ட் கதை சுருக்கமானது. உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, கணக்கு எண்ணைச் சரிபாருங்கள் என்று 2023-ல் சுற்றிய செய்தியைப் போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்தது. தொகை மாறும், கதை மாறாது. ரீஃபண்ட், நீங்கள் வரித் தளத்தில் ஏற்கனவே உறுதிசெய்த வங்கிக் கணக்குக்குத் தானாக வரும். அதற்காக பின் நம்பர், ஓடிபி, கார்டு எண் எதையும் துறை மெயிலில் கேட்பதில்லை. நோட்டீஸ் என்று பயமுறுத்தும் பிடிஎஃப் வந்தால் அதில் டின் என்ற ஆவண எண்ணைத் தேடுங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களுக்கு அது உண்டு. இ-ஃபைலிங் தளத்தில் லாகின் செய்யாமலேயே அந்த எண்ணைப் போட்டு நோட்டீஸ் நிஜமா என்று பார்க்கலாம். பான் கார்டு முறையை மாற்றியமைக்கும் பான் 2.0 திட்டத்துக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் ‘புது இ-பான் இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று போலி மெயில்கள் கிளம்பின. ஆதாரைப் புதுப்பிக்க ஆவணத்தை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பச் சொல்வதில்லை என்று ஆதார் ஆணையமும் சொல்லியிருக்கிறது.

என்ஆர்இ (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான) கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கேஒய்சி (வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு) மெயில் வரும்போது நெருக்கடி கூடுதல். மகன் துபாயில், உம்மா கீழக்கரையில், வங்கி ராமநாதபுரத்தில். ‘இன்று மாலைக்குள் கேஒய்சி முடிக்காவிட்டால் கணக்கு முடக்கம்’ என்றால் நேரில் போய்ப் பார்க்க முடியாதவன் லிங்கைத் தட்டிவிடுவான். கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி வங்கிகள் நிஜமாகவே நினைவூட்டுவது உண்டு. ஆனால் ஒரே நாள் கெடு போலிகளின் வழக்கம். அந்த நேரத்தில் வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள், அல்லது பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் கிளை எண்ணுக்கு வீட்டிலிருந்து யாரையாவது பேசச் சொல்லுங்கள்.

கூகுள் ஃபார்மில் கேஒய்சி கேட்பது ஒரு தனி ரகம். லிங்கை எப்படிப் படித்தாலும் கூகுளுடைய தளம்தான். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஃபார்மை யாரும் உருவாக்கலாம். படிவத்தின் அடியில் ‘பாஸ்வேர்டை இதில் கொடுக்காதீர்கள்’ என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. எந்த வங்கியும் கூகுள் ஃபார்மில் கார்டு எண் கேட்காது.

எதைக் கொடுத்தால் எவ்வளவு ஆபத்து என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் மட்டும் தெரிந்தால் உங்களுக்குப் பணம் போடலாம், எடுக்க முடியாது. கருவாடு வாங்கும் வியாபாரிக்குத் தினமும் கொடுப்பதுதானே. யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்பும்போது போடுவது, பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. பான், பிறந்த தேதி, ஆதார் நகல் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் உங்கள் பெயரில் சிம் வாங்கவும் கடன் எடுக்கவும் முயற்சி நடக்கலாம். அதனால் ஆதார் கேட்கும் இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை அனுப்புங்கள். மற்ற நகல்களின் குறுக்கே ‘இன்ன வேலைக்கு, இன்ன தேதி’ என்று எழுதிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். மை ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைத்தால் கைரேகை வழியாகப் பணம் எடுப்பது நடக்காது; ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டிய நாளில் மட்டும் திறந்துகொள்ள வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வாங்கினால் ஆண்டு முழுக்கக் கண்காணித்ததாக ஆகும்.

பிரவுசிங் சென்டர் திறந்துகொடுத்த மெயில்

பான் கார்டுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போனபோது சென்டர்காரர் அவசரமாக ஒரு ஜிமெயில் திறந்துகொடுத்திருப்பார். பாஸ்வேர்ட் பெயரும் பிறந்த வருடமும், அல்லது எல்லோருக்கும் ஒன்றே. ரெக்கவரி நம்பர் (கணக்கை மீட்க உதவும் போன் எண்) சில நேரம் அவருடையது. அந்த மெயில்தான் இப்போது வங்கி, பான், வரி எல்லாவற்றுக்கும் சாவி. மெயிலைக் கைப்பற்றியவன் பல கணக்குகளில் ‘ஃபர்காட் பாஸ்வேர்ட்’ அழுத்தி உள்ளே போகலாம். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் எத்தனை பேர் உட்கார்ந்து போகிறார்கள் என்பதை அவரே அறிய மாட்டார்.

உங்கள் போனில், கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பகுதியில் இந்த வேலைகளை ஒரே உட்காரலில் முடிக்கலாம். ‘யுவர் டிவைசஸ்’ திறந்து, தெரியாத கருவிகள் அத்தனையையும் சைன் அவுட் செய்யுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரெக்கவரி போனும் ரெக்கவரி மெயிலும் உங்களுடையதா என்று பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பதை) போடுங்கள். ஓடிபி வராதபோது போடுவதற்கு கூகுள் பத்து பேக்கப் கோடுகள் கொடுக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். வளைகுடா போகிறவர்களுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் இந்திய சிம் அங்கே வேலை செய்யாத நாளில் ஓடிபி வராது. அந்த நாளில்தான் நண்பனின் நம்பரை ரெக்கவரியாகப் போட்டுவிட்டுப் பிறகு மறந்துபோகிறார்கள்.

முடிந்தால் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் கைரேகையாலோ பூட்டாலோ உள்ளே போகும் முறை) போடுங்கள். போலி லாகின் பக்கம் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் வாங்கி அதே நொடியில் நிஜத் தளத்தில் போட்டுவிட முடியும்; பாஸ்கீயை அப்படி வாங்க முடியாது, காரணம் அது உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைந்திருக்கிறது. போனில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு லாபம்: வழக்கமாகத் தானாக நிரப்பும் போன், ஒரு பக்கத்தில் நிரப்ப மறுத்தால் அந்த முகவரி வேறு என்று சந்தேகப்படலாம்.

கொடுத்துவிட்டால்

கார்டு, ஓடிபி, பின் நம்பர் போய்விட்டதென்றால் முதலில் வங்கி ஆப்பில் கார்டையும் நெட்பேங்கிங்கையும் முடக்குங்கள், உடனே சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நிமிடங்களில் தாவிவிடும் என்பதால் ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று தள்ளக்கூடாது. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: பரிவர்த்தனை எண் (யுபிஐ என்றால் 12 இலக்க யுடிஆர்), நேரம், தொகை, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு. ஒப்புகை எண் கொடுப்பார்கள். அதை வைத்துத் தேசிய சைபர் கிரைம் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரையும் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் 1930-ஐ நம்பி நேரம் கடத்தாமல், விவரத்தை அனுப்பி வீட்டில் இருப்பவரை அழைக்கச் சொல்லலாம். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மெயிலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, மெயிலுக்குள் மறைந்திருக்கும் ‘ஹெடர்’ விவரங்கள் (எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்பது) விசாரணைக்கு வேண்டும்.

மெயில் பாஸ்வேர்ட் போய்விட்டதென்றால் பாஸ்வேர்ட் மாற்றுவதோடு நிறுத்துபவர்கள் அதிகம். உள்ளே வந்தவன் ‘வங்கி என்ற சொல் உள்ள மெயிலை எல்லாம் எனக்கு அனுப்பு’ என்று ஃபில்டர் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸ் திறந்து ‘ஃபில்டர்ஸ்’, ‘ஃபார்வர்டிங்’ இரண்டையும் பாருங்கள். ஆப்பில் இவை முழுசாகத் தெரியாது. ரெக்கவரி நம்பரையே மாற்றிவிட்டான் என்றால் பழைய நம்பருக்குக் கோடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் ஏழு நாள் வரை தரக்கூடும். அந்த வாரத்துக்குள், வழக்கமாகப் பயன்படுத்தும் அதே போனில், வழக்கமான இடத்திலிருந்து மீட்க முயலுங்கள்.

வங்கிப் பணத்துக்கு, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதி அடிப்படை. வங்கி மீதும் உங்கள் மீதும் தப்பில்லாமல் மூன்றாவது இடத்தில் நடந்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பில்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் கணக்கில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் கணக்கில். ஆகவே எந்த நிமிடத்தில் தெரிவித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும்: கிளையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், புகார் எண்ணோ முத்திரை போட்ட நகலோ வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், அந்த நகலோடு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448.